கண்ணீர் கேட்கும் திரைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, எங்கள் ஊரில் இரவு எட்டரை மணிக்குப் பின்னர் எந்த வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டாலும் நாடகத்துக்கு இடையில் விளம்பரம் போகும் வேளையில்தான் பதில் கிடைக்கும் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காக வன்னியின் நான்கு திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசித் திரைக்குமே ஒதுக்குகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரின் பெயரை மட்டும் இட்டிருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், கணவரை 2009 இல் இழந்தேன். பிள்ளைகள் இருவரும் தொழிலுக்காக வெளியூரில் இருக்கிறார்கள். பகல் முழுவதும் கச்சான் தோட்டத்தில் கூலி வேலை. இரவில் மூன்று நாடகங்களைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். விடுமுறையில் வரும் மகன், இவற்றைப் பார்த்து எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்கிறான். நான் செய்வது பிழையா? (ஒரு தாய், விசுவமடு)

பதில்: பிழை இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்த பின்னர் இரண்டு நாட்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் உள்ள பெண்களிடமும் நாடகத்தில் அவர்களுக்கு எது பிடிக்கிறது என்று கேட்டேன். மாமியார் மருமகள் சண்டை என்பார்கள், உடுப்பு என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். உங்கள் வயதுடைய ஒருவர், "எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ளை இருக்கினம் ரீச்சர்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சென்னையில் தயாராகும் நாடகங்களில் வீடு எப்போதும் நிறைந்திருக்கிறது. தாத்தா, பாட்டி, மூன்று மகன்மார், மூன்று மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் படியால் இறங்கும்போது மற்றொருவர் வாசலால் நுழைகிறார். சண்டை பிடிப்பதற்குக்கூட ஆள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறைகளுக்குள் ஒரு தாய் தனியாக இருக்கிறார். மகன் கட்டாரில், மகள் ஆடைத் தொழிற்சாலை விடுதியில், தம்பி கனடாவில், கணவர் சுவரில் மாட்டிய படத்தில். இந்த வீட்டுக்குள் இரவில் பன்னிரண்டு பேரின் சத்தம் கேட்பதற்காக ஒருவர் தொலைக்காட்சியைப் போட்டால் அதை மூளை மழுங்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகன் விடுமுறையில் நிற்கும் நாட்களில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நாடகத்தையாவது பார்க்கட்டும்.

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்த நிறைந்த வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலான நாடகங்களில் ஒருவரும் ஒரு வேலையும் செய்வதில்லை. 2023 ஜனவரியில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை' எங்கள் பெண்களுக்கு நெருக்கமானதற்குக் காரணம், அதில் மீனா பூக் கட்டி விற்கிறாள், முத்து வாடகைக் கார் ஓட்டுகிறான் என்பதே என்று நான் நம்புகிறேன். மாலைக்கு வந்த காசை எண்ணி எடுத்து வைப்பது, அடுத்த நாளைக்குப் பூ வாங்கப் போதுமா என்று கணக்குப் பார்ப்பது ஆகியவை கச்சான் பிடுங்கிக் கூலி வாங்குபவருக்கு உடனே விளங்கும். அந்த வீட்டின் மற்றொரு மருமகளான ரோகிணி தன் பழைய வாழ்வை மறைக்கும் கதையை மாதக்கணக்காக இழுக்கும்போது எனக்கு அந்த நாடகத்தில் பற்றுக் குறைந்துவிடுகிறது. பூவும் காரும் திரும்பி வந்தால் நானும் திரும்பி வருகிறேன்.

'எதிர்நீச்சல்' பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 2022 பெப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய அந்த நாடகம், படித்த மருமக்களைச் சமையலறைக்குள் பூட்டி வைத்திருக்கும் ஓர் ஆணின் வீட்டைக் காட்டியது. அந்த ஆணான ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டெம்பரில் திடீரென மறைந்தபோது இங்கே சொந்தத்தில் ஒருவர் போனதுபோலப் பேசிக்கொண்டார்கள். அவர் அவ்வளவு நல்ல நடிகர். அவரது நடிப்பின் வலிமையே கதைக்கு ஒரு தீங்கும் செய்தது. கொடுமைக்காரனை வெறுக்க வேண்டிய பார்வையாளர்கள் அவனுடைய பேச்சை ரசிக்கத் தொடங்கினார்கள், எங்கள் தேநீர்க்கடைகளில் இளைஞர்கள் அதைப் பேசிக் காட்டினார்கள். எழுந்து நிற்கப்போகிறார்கள் என்று நாங்கள் காத்திருந்த பெண்களோ 700 க்கும் மேற்பட்ட பகுதிகளில் பெரும்பாலானவற்றை அழுதே கழித்தார்கள். 2024 டிசெம்பரில் தொடங்கிய இரண்டாம் பாகத்தைப் பார்க்கும்போது, இந்தப் பெண்கள் இன்று தங்கள் கையால் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு கிழமை முழுவதும் அழுகையைத் தவிர எதுவுமில்லையென்றால் அந்த அரை மணித்தியாலத்தை மகளுடன் தொலைபேசியில் கதைப்பதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தரமற்ற நாடகங்களை நாம் எல்லோரும் பார்க்காமல் விட்டால் அவற்றை நிறுத்துவார்களா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மாங்குளம்)

பதில்: நாம் விட்டதையே அவர்கள் அறிய மாட்டார்கள் ஐயா. இந்தியாவில் நிகழ்ச்சிகளின் பார்வையாளர் அளவைப் பார்க் (BARC) என்னும் அமைப்புக் கணக்கிடுகிறது. அந்த நாட்டில் தெரிவுசெய்யப்பட்ட வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்தி, அலைவரிசையின் ஒலிக்குள் மறைத்து வைத்த அடையாளத்தை அதன் மூலம் பதிவுசெய்து, வாரந்தோறும் புள்ளிகளாக வெளியிடுகிறார்கள். விளம்பரக் கட்டணம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தே தீர்மானமாகிறது. ஓமந்தையிலும் துணுக்காயிலும் டிஷ் பூட்டிய வீடுகள் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றுகூட இல்லை. நாம் பார்ப்பதும் விடுவதும் சென்னையில் ஒரு நாடகத்தின் ஆயுளை ஒரு நாளேனும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 இலிருந்து 2009 வரை 1,500 க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியதற்கும், பார்க் வருவதற்கு முன்னர் அந்த நாட்டில் எடுத்த இதுபோன்ற புள்ளிக் கணக்குத்தான் வழிவிட்டது.

இரண்டு இடங்களில் எங்கள் கணக்கு எடுபடும். ஒன்று யூடியூப். அங்கே நாம் எந்த நாட்டிலிருந்து பார்த்தாலும் எண் ஏறும். கோபத்தில் திட்டுவதற்காகத் திறந்தாலும் ஏறும். மற்றது எங்கள் நாட்டு அலைவரிசைகள். 1998 இல் தொடங்கிய சக்தியும் 2009 இல் தொடங்கிய வசந்தமும் தமிழ்ப் பார்வையாளர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. நீங்கள் அஞ்சற் பணியில் இருந்தவர். ஒரு நிலையத்துக்கு மாதம் நூறு கடிதங்கள் போனால் அதன் கனம் எவ்வளவு என்பதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். இந்திய நாடகங்களின் இடையில் வாரத்துக்கு ஓர் இரவாவது இந்த நாட்டில் எழுதி இங்கேயே நடித்த நாடகம் வேண்டும் என்று எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

கேள்வி: நான் நன்றாகப் பாடுவேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியப் பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பிக்கும்படி மாமா வற்புறுத்துகிறார். அப்பா இறுதிப் போரில் காணாமற் போனவர். அதைச் சொன்னால் தெரிவாகும் வாய்ப்புக் கூடும் என்கிறார். எனக்குச் சொல்ல விருப்பமில்லை. (உயர்தர மாணவி, முழங்காவில்)

பதில்: பிள்ளை, உனது விருப்பமின்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களுள் என்னை அதிகம் வருத்தியது உன்னுடையதுதான்.

யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா 2023 டிசெம்பரில் ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது எங்கள் ஊரிலும் வெடி கொளுத்தினார்கள். அதே மேடையில் மலையகத் தோட்டத்திலிருந்து வந்த அசானியும் பாடினார். அதற்கு முன்னர், கனடாவில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளையான ஜெசிக்கா 2015 இல் சூப்பர் சிங்கர் ஜூனியரில் இரண்டாம் இடம் பெற்றுத் தனக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று அறிவித்தார். இந்தப் பிள்ளைகளின் குரல்வளம் எவருடைய இரக்கத்திலும் தங்கியிருக்கவில்லை. ஆனால் எங்கள் பிள்ளை ஒன்று அந்த மேடையில் ஏறியதும் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருப்பாய். பாட்டு முடிகிறது, சுருதி நின்றதா, சங்கதி சரியாக விழுந்ததா, மூச்சு எங்கே தவறியது என்று பேச வேண்டிய நேரத்தில் ஊர், போர், இழப்பு என்று கேள்விகள் திரும்புகின்றன. பின்னணியில் வயலின் ஒலிக்கிறது, தாயின் முகம் பெரிதாகத் தெரிகிறது, நடுவரும் கண்ணைத் துடைக்கிறார். அவர்களுடைய இரக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மேடையில் உண்மையாகவே உருகிய மனிதர்கள் இருக்கிறார்கள். எனினும் பாட வந்த பிள்ளைக்கு நடுவர் கொடுக்க வேண்டிய முதல் மரியாதை அதன் பாட்டைப் பற்றிப் பேசுவது. மதுரைப் பிள்ளைக்கு எந்த இடத்தில் சுருதி விலகியது என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் எங்கள் பிள்ளையை அணைத்து அனுப்பிவிடுகிறார்கள்; அதனால் எங்கள் பிள்ளைக்கு ஒரு பாடம் நட்டமாகிறது.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டுமே உரிய தீர்மானம். மாமாவுக்கோ நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கோ அதில் உரிமை இல்லை. விண்ணப்பத்தில் குடும்ப விபரம் கேட்டால் அம்மாவின் தொழிலை எழுதி நிறுத்திக்கொள். நேர்முகத்தில் கேட்டால், "நான் என் பாட்டைப் பற்றிக் கதைக்க விரும்புகிறேன்" என்று பணிவாகச் சொல். இந்த நிகழ்ச்சிகள் பதிவு செய்யப்பட்டு வெட்டித் தொகுக்கப்பட்ட பின்னரே ஒளிபரப்பாகின்றன. நீ ஒருமுறை அழுத அரை நிமிடத்தை எத்தனை முன்னோட்டங்களில் போடுவது என்பதை அதன் பின்னர் நீ தீர்மானிக்க முடியாது. ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னர் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

இன்னொன்று. போட்டிக்குப் போவதாயினும் போகாதிருப்பதாயினும் முறையாகப் படி. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை வன்னிப் பிள்ளைகள் பலர் எழுதுகிறார்கள். உன் பாடசாலைச் சங்கீத ஆசிரியை வழிகாட்டுவார். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதையே பட்டமாகத் தொடர வழி உண்டு. போட்டி ஒரு பருவத்துடன் முடியும். சாதகம் செய்த தொண்டை அறுபது வயதிலும் பாடும்.

கேள்வி: பிக் பாஸ் நிகழ்ச்சியை நண்பர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் ஈழத்தவர்களும் கலந்துகொள்வது நமக்குப் பெருமைதானே? (இளைஞர், பரந்தன்)

பதில்: ஒருவர் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதனால் மட்டும் பெருமை வராது தம்பி, அந்த இடம் அவரை எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். 1999 இல் நெதர்லாந்தில் தோன்றிய ஒரு நிகழ்ச்சி வடிவம் பல நாடுகளைச் சுற்றி 2017 ஜூனில் விஜய் தொலைக்காட்சியில் தமிழுக்கு வந்தது. ஏழு பருவங்களைக் கமல்ஹாசன் நடத்தினார், 2024 இலிருந்து விஜய் சேதுபதி நடத்துகிறார். தொலைபேசியும் செய்தியும் இல்லாத வீட்டுக்குள் ஆட்களை அடைத்து, அவர்கள் களைத்துச் சலித்துச் சண்டை பிடிக்கும் வரை கமராக்கள் காத்திருப்பதே அந்த வடிவத்தின் இயக்கம். 2019 இல் எங்கள் நாட்டில் செய்தி வாசிப்பாளராக இருந்த லொஸ்லியா மரியநேசன் அதில் கலந்துகொண்டார். பல ஆண்டுகள் பிரிந்திருந்த அவருடைய தந்தை அந்த வீட்டுக்குள் வந்த பகுதியைக் கிளிநொச்சியில் கண்ணீர் விடாமல் பார்த்தவர்கள் குறைவு, நானும் விட்டேன். வெளிநாட்டில் உழைக்கும் தகப்பனை ஸ்கைப்பிலும் வைபரிலும் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர் என்பதை நீர் அறிவீர். அந்தச் சந்திப்பு ஒரு விமான நிலையத்தின் மூலையில், எவரும் பார்க்காமல் நடந்திருக்க வேண்டியது. மகளிடம் தகப்பன் சொல்ல நினைத்ததை ஊர் முழுவதும் கேட்டு, சரி பிழை தீர்ப்பதற்கு அதைச் சந்திக்குச் சந்தி எடுத்துச் சென்றது. அந்த இருவர்மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சந்திப்பை அரங்கேற்றியவர்கள்மீதும், பார்த்துக்கொண்டிருந்த என்மீதும் எனக்குக் குறை உண்டு. அதன் பின்னர் அந்த நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை.

கேள்வி: எங்கள் கிராமத்துக்கு யூடியூப் தம்பிமார் அடிக்கடி வருகிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசில் உலருணவும் வீடும் கொடுக்கிறார்கள். உதவி கிடைப்பது நல்லதே. ஆனால் ஏதோ உறுத்துகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? (மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், நெடுங்கேணி)

பதில்: இந்த உறுத்தல் எனக்கும் நீண்ட காலமாக உண்டு. இன்று வன்னியில் அதிகம் பார்க்கப்படும் நிகழ்ச்சி எது என்று என்னைக் கேட்டால் எந்த நாடகத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். இந்த உதவிக் காணொளிகளைத்தான் சொல்வேன்.

அவை எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. மோட்டார் சைக்கிள் மண் பாதையால் போகிறது. கிடுகு உக்கிய கொட்டில் தெரிகிறது. தம்பி குனிந்து உள்ளே போய் அடுப்பைக் காட்டுகிறார், பானையைத் திறந்து காட்டுகிறார். பிறகு கேள்வி தொடங்குகிறது. "கணவர் எப்படி அம்மா இறந்தவர்? காலையிலை என்ன சாப்பிட்டனீங்கள்? பிள்ளை, பசிச்சால் என்ன செய்வாய்?" அந்தத் தாய் அழும் வரை கேள்வி ஓயாது. அழுத பின்னரே அரிசி மூட்டை வாகனத்திலிருந்து இறங்குகிறது. காணொளியின் முகப்புப் படத்தில் அந்த அழுகையே உறைந்து நிற்கிறது.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திடீரென வருவதை நிறுத்தியது. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். இப்படியொரு காணொளியில் அவளுடைய கிழிந்த சீருடையையும், அவள் படுக்கும் சாக்கையும் காட்டியிருந்தார்கள். வகுப்பில் ஒரு பையன் அதைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தான். புதிய சீருடை, புதிய சப்பாத்து, புதிய புத்தகப்பை எல்லாம் கிடைத்திருந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வரத்தான் அவளால் முடியவில்லை. மூன்று கிழமைகள் மறித்து மறித்துக் கதைத்துத்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். அவள் இன்று ஒரு தாய். அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது.

பணம் அனுப்புகிறவர்கள் கணக்குக் கேட்பது நியாயம். இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கணக்கு என்பது பற்றுச்சீட்டு. அரிசிக்கும் பருப்புக்கும் கடை கொடுத்த பில்லைப் படம் எடுங்கள். அத்திவாரம் வெட்டியதையும், மேசன் சுவர் எழுப்பியதையும், கூரை ஏறியதையும் திகதியோடு எடுங்கள். வீட்டுக்காரியின் முகம் அதில் தேவையில்லை. உங்கள் சங்கத்துக்கு இதில் பெரிய இடம் இருக்கிறது. உதவி வேண்டியவர்களின் பட்டியல் கிராம அலுவலரிடமும் உங்களிடமும் இருக்கிறது; கமராவுக்கு நன்றாக அழத் தெரிந்தவரை விட உண்மையில் தேவை உடையவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த முறை அந்தத் தம்பிமார் வரும்போது வாசலிலேயே மூன்று நிபந்தனைகளைச் சொல்லுங்கள்: பிள்ளைகளின் முகம் எடுக்கக்கூடாது, இறந்தவர்களைப் பற்றிக் கேட்கக்கூடாது, காணொளி வெளியாகும் முன்னர் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். இவற்றுக்கு இணங்கி வேலை செய்கிற நல்ல இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய காணொளிகளுக்குப் பார்வை குறைவு. அவற்றை நாம் திறந்து பார்த்தால் அந்த எண் ஏறும் என்று மாங்குளத்து ஐயாவுக்கு மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐந்து வயது மகன் கார்ட்டூன் பார்த்து "அப்பா, எனக்குப் புரியல" என்கிறான். எங்கள் வீட்டில் எவரும் அப்படிக் கதைப்பதில்லை. (ஒரு தந்தை, துணுக்காய்)

பதில்: கோபிக்க வேண்டாம். பிள்ளைக்கு "புரியல" என்பதும் தெரிந்திருக்கட்டும், "விளங்கேல்லை" என்பதும் தெரிந்திருக்கட்டும். தமிழ்க் கார்ட்டூன்கள் சென்னையில் குரல் கொடுக்கப்படுகின்றன. நாள் முழுவதும் அந்தக் குரலைக் கேட்கிற பிள்ளை "வெளிக்கிடுவம்" என்பதற்குப் பதில் "கிளம்பலாம்" என்றுதான் சொல்லும். அவனுக்கு எங்கள் பேச்சைப் போதிய அளவு கேட்கக் கொடுக்காததுதான் சிக்கல். அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் அவர்களிடம் ஒரு மணித்தியாலம் விடுங்கள்; இல்லையென்றால் இரவில் நீங்களே கதை சொல்லுங்கள்.

திரையில் எங்கள் பேச்சு எப்படி வருகிறது என்பதும் இதனோடு சேர்ந்த விடயம். தமிழகத்துத் திரையில் நீண்ட காலமாக ஈழத்துத் தமிழ் ஒன்றில் சிரிப்புக்கு, அல்லது அழுகைக்கு என்று இருந்தது. பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து போகும் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தை வைத்து அபிஷன் ஜீவிந்த் இயக்கி 2025 மேயில் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் எங்கள் ஆட்கள் அயலவருடன் சிரித்துக் கதைத்து வாழ்கிறார்கள் என்பதே. பேச்சில் சில இடங்கள் காதுக்கு ஒட்டவில்லை. அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. எங்கள் பேச்சைப் பிழையில்லாமல் படம் பிடிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் வன்னியில் தொலைக்காட்சி எப்படிப் பார்த்தீர்கள்? (மாணவன், ஒட்டுசுட்டான்)

பதில்: நீ ஏ9 வீதியால் போகும்போது உயரமாகக் காண்கிற கொக்காவில் கோபுரத்திலிருந்து தொடங்குகிறேன். 1982 இல் ஆரம்பமான ரூபவாஹினியின் மறுஒளிபரப்பு நிலையம் ஒன்று அங்கே இருந்தது. 1990 இல் போரில் அது அழிந்தது. இப்போது நிற்கிற, 170 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரம் 2011 ஜூனில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கு மின்சாரமே இல்லை. பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்துச் செய்தி கேட்டோம்.

படம் பார்ப்பது என்றால் ஊரே கூடிச் செய்கிற காரியம். தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், ஜெனறேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்போம். எண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்போம். எந்தப் படம் போடுவது என்று பின்னேரம் முழுவதும் வாக்குவாதம் நடக்கும். காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. முற்றத்தில் சாக்கு விரித்து இருந்து மூன்று படம் பார்த்து விடியப் போவோம். பிள்ளைகள் பார்க்கத் தகாத காட்சி வந்தால் ஒரு பெரியவர் எழுந்து திரைக்கு முன்னால் நின்றுவிடுவார். அழுகிற படம் என்றால் எல்லோரும் சேர்ந்து அழுவோம், அடுத்த நாள் கிணற்றடியில் அந்தக் கதாநாயகி செய்தது சரியா பிழையா என்று கதைப்போம். 2002 இல் ஏ9 வீதி திறந்த பின்னர் வீட்டுக்கு வீடு பெட்டி வரத் தொடங்கியது. இன்று ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கைத்தொலைபேசிகளில் நான்கு வேறு நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள். எதைப் பார்ப்பது என்ற வாக்குவாதம் நின்றுபோனதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தை முழுமையாகப் பதிவுசெய்து யூடியூபில் இட விரும்புகிறோம். முதியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். உங்கள் கருத்து என்ன? (இளைஞர் குழு, முள்ளியவளை)

பதில்: செய்யுங்கள், இந்த ஆண்டே செய்யுங்கள். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் உங்கள் அயலூரான வற்றாப்பளை என்று சொல்லிக்கொள்கிற மண் அது. அங்கே ஒரு பெண்ணின் கண்ணீரைப் பார்க்க ஊர் இராமுழுக்க விழித்திருந்தது. அந்தக் கண்ணீர் அரசனின் வாசலில் போய் நியாயம் கேட்டது. நாடகம் பார்க்கிற விசுவமடுத் தாய்மாருக்கும் அந்தக் கூத்து அந்நியமாக இருக்காது.

முதியவர்களின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கும். முதலில் போய் இருந்து கேளுங்கள். துண்டு துண்டாக வெட்டி, மேலே வேறு இசை போட்டு விடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். அப்படிச் செய்வதில்லை என்று வாக்குக் கொடுங்கள். ஒரு கமரா, கூத்து ஆடும் களரி முழுவதும் தெரியும்படி அசையாமல் நிற்கட்டும். ஆடுகிறவரின் காலும் தெரிய வேண்டும். ஒலிவாங்கியை மத்தளத்துக்கு மிக அருகில் வைக்காதீர்கள், பிற்பாட்டு மூழ்கிவிடும். இடையில் தேநீர் குடிக்கிற நேரத்தையும் வெட்ட வேண்டாம். எந்தக் கட்டத்தில் கூத்து நின்று எந்தப் பாட்டோடு மீண்டும் தொடங்குகிறது என்பதும் படிக்க வேண்டியது. காணொளி வெளியாகும்போது உங்கள் குழுவின் பெயருக்கு முன்னால் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயர், மத்தளம் அடித்தவர், தாளம் போட்டவர், பிற்பாட்டுப் பாடியவர்கள், ஒப்பனை செய்தவர் என்று ஒவ்வொரு பெயரும் முழுமையாக வரட்டும். பதிவு ஆயத்தமானதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். விசுவமடுத் தாயையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன், முள்ளியவளையில் எல்லோருமாக இருந்து பார்ப்போம்.